கொழுந்தில் தொடங்கும் கணக்கு: சேரங்கோட்டுத் தேயிலையும் நொதியின் வேகமும்

நீலகிரி மாவட்டத்தின் மேற்கு எல்லையில், வயநாட்டை ஒட்டிய பந்தலூர் வட்டத்தில் இருக்கிறது சேரங்கோடு. 1964-ஆம் ஆண்டின் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இலங்கை மலையகத்திலிருந்து தாயகம் திரும்பிய தமிழர்களுக்கு வேலை கொடுக்க, 1968-ல் அரசுத் தேயிலைத் திட்டம் தொடங்கியது. 1976-ல் அது தமிழ்நாடு தேயிலைத் தோட்டக் கழகம் ஆனது. மக்கள் அதை ‘டான்டீ’ என்கிறார்கள். சேரங்கோடு அதன் கோட்டங்களில் ஒன்று. சுற்றிலும் சிறு விவசாயிகளின் தேயிலையும் உண்டு. இந்தச் சரிவுகளில் பறிக்கப்படும் கொழுந்து மறுநாளுக்குள் ஒரு பெரிய வேதிமாற்றத்தைக் கடந்து வருகிறது. பச்சை இலை செம்பழுப்புத் தூளாவதும், வெந்நீரில் அந்தத் தூள் நிறமும் துவர்ப்பும் விடுவதும் இலைக்குள்ளேயே இருக்கும் ஒரு நொதியால் நடப்பவை.

நொதியின் வேகத்தைத் தீர்மானிப்பவற்றுள் முதன்மையானவை இரண்டு. வினைபடு பொருள் எவ்வளவு கிடைக்கிறது என்பது ஒன்று. வினையை எது தடுக்கிறது என்பது மற்றொன்று. பதினொன்றாம் வகுப்பு மாணவர்கள் இவற்றை வரைபடங்களாகப் படிக்கிறார்கள். தேயிலை வட்டாரத்தில் அதே வரைபடங்கள் கூலியாகவும் விலையாகவும் உடல்நலமாகவும் வாழப்படுகின்றன. தேயிலைத் தூளின் தரத்துக்காக இலையின் நொதியை நுணுக்கமாகக் கவனிக்கும் தொழில், அந்த இலைக்கு மருந்தடிப்பவரின் உடலில் உள்ள நொதியையும் அதே நுணுக்கத்தோடு கவனிக்க வேண்டும் என்பதே இக்கட்டுரை சொல்ல வருவது. அதற்கான அறிவியல் இரண்டு இடத்திலும் ஒன்றுதான்.

இலைக்குள் இரண்டு அறைகள்

தேயிலைத் தளிரின் உலர் எடையில் ஏறத்தாழ 20 முதல் 30 விழுக்காடு பாலிஃபினால்கள். அவற்றில் பெரும்பகுதி கேட்டச்சின்கள் என்னும் நிறமற்ற, துவர்ப்பான சேர்மங்கள். இவை உயிரணுவின் நுண்குமிழிக்குள் அடைபட்டிருக்கின்றன. இவற்றின் மீது வினை புரியும் பாலிஃபினால் ஆக்சிடேஸ் என்னும் நொதியோ பசுங்கணிகத்தில் இருக்கிறது. செடியில் இருக்கும்வரை இரண்டும் சந்திப்பதில்லை. சவ்வுகள் கிழிந்தால்தான் வினை தொடங்கும்.

ஆலையின் அரைவை அந்தக் கிழித்தலைச் செய்கிறது. 1930-ல் அசாமின் அம்குரி தோட்டத்தில் வில்லியம் மெக்கெர்ச்சர் உருவாக்கிய சி.டி.சி. எந்திரம், எதிரெதிரே வெவ்வேறு வேகத்தில் சுழலும் பல் உருளைகளுக்கு இடையே இலையை நசுக்கி, கிழித்து, சுருட்டுகிறது. நீலகிரி ஆலைகளில் மிகுதியாக நடப்பது இந்த முறைதான். உயிரணுக்கள் ஏறக்குறைய முழுவதும் சிதைவதால் நொதியும் கேட்டச்சினும் ஒரே நேரத்தில் கலக்கின்றன. பழைய உருட்டு முறையில் இலை மெதுவாகக் கசங்குவதால் இரண்டு, மூன்று மணி நேரம் எடுக்கும் வினை, சி.டி.சி. முறையில் ஒரு மணி நேர அளவில் முடிந்துவிடுகிறது.

நொதி காற்றிலுள்ள ஆக்சிஜனைப் பயன்படுத்திக் கேட்டச்சின்களைக் குயினோன்களாக மாற்றுகிறது. குயினோன்கள் நிலையற்றவை. ஒரு வகைக் கேட்டச்சினின் குயினோனும் மற்றொரு வகையின் குயினோனும் இணைந்தால் தியாஃப்ளேவின் பிறக்கிறது. தேநீரின் பொன்னிற ஒளியும் நாவைச் சுண்டும் விறுவிறுப்பும் இதிலிருந்து வருபவை. வினை மேலும் நீண்டால் தியாருபிஜின்கள் என்னும் செம்பழுப்புச் சேர்மங்கள் பெருகும். இவை நிறத்தையும் கனத்தையும் தருகின்றன. நல்ல கருந்தேயிலையில்கூடத் தியாஃப்ளேவின் உலர் எடையில் இரண்டு விழுக்காட்டைத் தாண்டுவது அரிது. ஆனால் 1972-ல் மத்திய ஆப்பிரிக்கத் தேயிலைகளை ஆராய்ந்த ஹில்டன், எல்லிஸ் இருவரும், தரகர்கள் மதிப்பிட்ட விலை தியாஃப்ளேவின் அளவோடு நெருக்கமாக இணைந்து செல்வதைக் காட்டினர். அந்தச் சிறு விழுக்காட்டில் விலை தங்கியிருக்கிறது.

செறிவின் கணக்கு

1913-ல் பெர்லினில் லியோனர் மிகேலிஸும் கனடாவிலிருந்து வந்த மாட் மென்டனும், சர்க்கரையை உடைக்கும் இன்வர்ட்டேஸ் நொதியை வைத்து ஒரு சமன்பாட்டை நிறுவினர். வினைபடு பொருளின் செறிவை ஏற்றிக்கொண்டே போனால் வினையின் வேகம் முதலில் விரைவாகக் கூடும். பிறகு கூடும் அளவு குறையும். முடிவில் ஓர் உச்சத்தை நெருங்கி அங்கேயே நிற்கும்.

கொழுந்து எடை போடும் இடத்தை நினைத்தால் இது விளங்கும். தராசு ஒன்று, மூட்டைகள் அரிதாக வந்தால் தராசு காத்திருக்கும். மூட்டைகள் கூடக் கூட அது ஓய்வின்றி வேலை செய்யும். வரிசை நீண்ட பிறகு இன்னும் நூறு மூட்டை வந்து நின்றாலும் ஒரு மணி நேரத்தில் எடை போடப்படும் அளவு அதிகரிக்காது. அதைக் கூட்ட இன்னொரு தராசு வேண்டும். நொதியின் செயல் மையம் அந்தத் தராசு. வினைபடு பொருள் மூட்டை. நொதியின் செறிவு தராசுகளின் எண்ணிக்கை.

உச்ச வேகத்தில் பாதியை எட்டத் தேவையான செறிவை மிகேலிஸ் மாறிலி என்கிறார்கள். செறிவு அந்த மாறிலிக்குச் சமமானால் வேகம் 50 விழுக்காடு. இரு மடங்கானால் 67, நான்கு மடங்கானால் 80, ஒன்பது மடங்கானால் 90. ஐம்பதிலிருந்து தொண்ணூறுக்குப் போக ஒன்பது மடங்கு பொருள் தேவைப்படுகிறது. குறைந்த செறிவில் சிறு மாற்றமும் வேகத்தைப் பெரிதாக அசைக்கும். நிறைந்த செறிவில் பெரு மாற்றமும் அதிகம் அசைக்காது. நொதியின் செறிவு அப்படியல்ல. பொருள் தாராளமாக இருக்கும்வரை, நொதி இரு மடங்கானால் வேகமும் இரு மடங்காகும்.

பறிக்கும் கையில் உள்ள செறிவு

இலையிலுள்ள கேட்டச்சினின் அளவையும் நொதியின் அளவையும் ஆலையில் யாரும் கூட்ட முடியாது. இலை ஆலைக்குள் வரும்போதே அவை முடிவாகிவிட்டன. மொட்டிலும் முதல் இலையிலும் கேட்டச்சின் செறிவு மிக அதிகம். இலை முற்ற முற்ற அது இறங்கும். பாலிஃபினால் ஆக்சிடேஸின் செயலும் தளிரின் பாலிஃபினால் அளவும் கருந்தேயிலையின் தரத்தோடு எவ்வாறு தொடர்புபடுகின்றன என்பதைத் தென்னிந்தியத் தேயிலையில் ஆராய்ந்து தனராஜும் சேஷாத்ரியும் 1990-ல் வெளியிட்டனர். இரண்டு இலையும் ஒரு மொட்டும் என்ற பழைய விதிக்கு உயிர்வேதியியல் தரும் விளக்கம் இதுதான்.

ஆகவே நிரையில் நின்று கொழுந்து பறிக்கும் பெண், எந்தத் தளிரை எடுப்பது, எதை விடுவது என்று ஒவ்வொரு நொடியும் எடுக்கும் முடிவு, வினைபடு பொருளின் செறிவைப் பற்றிய முடிவு. பறிப்புச் சுற்று தள்ளிப்போனாலும், கத்தரியால் ஒரே மட்டமாக வெட்டினாலும், முற்றிய இலையும் தண்டும் சேர்ந்து வருகின்றன. எடை கூடுகிறது, கேட்டச்சின் செறிவு குறைகிறது. எடைக்கு மட்டும் கூலி என்றால் செறிவை யாரும் காக்க முடியாது. பசுந்தேயிலைக்குக் கிடைக்கும் விலை கட்டுப்படியாகாதபோது, கைப்பறிப்புக்கு ஆள் வைக்கச் சிறு விவசாயியிடம் பணம் இருப்பதில்லை. கத்தரி வருகிறது, தரம் இறங்குகிறது, அதைக் காட்டி விலை மேலும் இறங்குகிறது. இந்தச் சுழலை விவசாயியின் அலட்சியம் என்று சொல்லிக் கடந்துவிடுவது நியாயமல்ல.

பருவமும் இந்தக் கணக்கில் சேரும். சேரங்கோடு குன்னூரைவிடத் தாழ்வான நிலம். தென்மேற்குப் பருவமழை இங்கே கொட்டித் தீர்க்கும். மழைக்காலத்தில் தளிர் வேகமாக ஓடுகிறது. இலையின் மேல் ஈரமும் நிற்கிறது. பச்சை இலையில் 75 முதல் 80 விழுக்காடு நீர் உண்டு. வாட்டுத் தொட்டியில் பல மணி நேரம் காற்றோட்டத்தில் வைத்து, சி.டி.சி. அரைவைக்காக அதை ஏறத்தாழ 70 விழுக்காட்டுக்குக் குறைக்கிறார்கள். நீர் குறையும்போது உயிரணுச் சாற்றில் கேட்டச்சினின் செறிவு ஏறுகிறது. மழை நாளில் வாட்டு சரியாக விழாவிட்டால் நீர்த்த சாறே அரைவைக்குப் போகும். அளவு மீறி வாட்டினாலோ நொதியின் செயல் தளர்ந்துவிடும். மறுபக்கம், நீலகிரியின் உயரமான தோட்டங்களில் பனிக்காலத்து இலை மெல்ல வளர்கிறது. அந்தத் தேயிலைக்கு உலகச் சந்தையில் தனிப் பெயர் உண்டு.

சாக்கில் அழுத்தித் திணிக்கப்படும் கொழுந்தும் இதே விதிக்குக் கட்டுப்பட்டது. நசுங்கிய இடத்தில் சவ்வு கிழிகிறது. நொதியும் கேட்டச்சினும் ஆலைக்கு வருமுன்பே சந்திக்கின்றன. மூட்டையின் நடுவில் சூடு ஏறி இலை சிவக்கிறது. அரைவைக்கு மிஞ்ச வேண்டிய பொருள் சாக்கிலேயே செலவாகிவிடுகிறது.

காற்றும் ஒரு வினைபடு பொருள்

ஆக்சிஜனும் இந்த நொதிக்கு வினைபடு பொருள்தான். அரைத்த இலையில் கேட்டச்சின் நிறைய இருந்தாலும், ஆக்சிஜன் உள்ளே போகாவிட்டால் வினை அதன் அளவுக்கே கட்டுப்படும். 25 டிகிரி வெப்பத்தில் ஒரு லிட்டர் நீரில் ஏறத்தாழ 8 மில்லிகிராம் ஆக்சிஜன்தான் கரையும். வெப்பம் ஏறினால் இன்னும் குறையும். அரைத்த இலையைக் கனமாகப் பரப்பினால் அடியில் இருப்பது மூச்சுத் திணறும். மேலே சிவந்திருக்கும், அடியில் பசுமை தங்கியிருக்கும். ஆக்சிஜன் பற்றாக்குறையில் முதலில் அடிபடுவது தியாஃப்ளேவின். குயினோன்கள் உருவான பின்பும், அவை இணைந்து தியாஃப்ளேவினின் வளையம் அமைய மேலும் ஆக்சிஜன் தேவைப்படுவதே காரணம். அதனால்தான் ஆலைகள் இலையை மெல்லப் பரப்பி, ஈரக் காற்றை ஊதி, வெப்பத்தை 30 டிகிரிக்குக் கீழே வைக்கப் பாடுபடுகின்றன.

தடுப்பான்கள் செய்யும் வேலை

மீள்தன்மை கொண்ட தடுப்பான்களில் இரண்டு வகையை இங்கே பார்த்தால் போதும். முதல் வகை, வடிவத்தில் வினைபடு பொருளை ஒத்திருந்து செயல் மையத்துக்குப் போட்டியிடுவது. சக்சினேட்டின் இடத்தில் மாலோனேட் போய் உட்கார்வது பாடநூல் சொல்லும் உதாரணம். பாலிஃபினால் ஆக்சிடேஸுக்குப் பென்சாயிக் அமிலமும் சின்னமிக் அமிலமும் அப்படிப்பட்ட போட்டியாளர்கள். இரண்டாம் வகை, செயல் மையத்துக்கு வெளியே ஒட்டி, நொதியின் திறனையே குறைப்பது. அதற்குப் போட்டியில்லாத் தடுப்பான் என்று பெயர்.

இரண்டின் வேறுபாட்டை எண்கள் தெளிவாக்கும். போட்டித் தடுப்பான் தன் பிணைப்பு மாறிலிக்கு, அதாவது வினைபடு பொருள் இல்லாதபோது நொதியில் பாதியைப் பற்றும் செறிவுக்கு, சமமான அளவில் இருப்பதாகக் கொள்வோம். வினைபடு பொருள் மிகேலிஸ் மாறிலி அளவில் இருந்தால் வேகம் 50 விழுக்காட்டிலிருந்து 33-க்கு இறங்கும். பொருளை ஒன்பது மடங்காக்கினால் 82 விழுக்காட்டுக்கு ஏறிவிடும். தடுப்பான் இல்லாதபோது அது 90. பொருள் பெருகப் பெருகப் போட்டியாளர் ஒதுக்கப்படுகிறார். போட்டியில்லாத் தடுப்பான் அதே செறிவில் இருந்தால் முதல் நிலையில் 25 விழுக்காடு; ஒன்பது மடங்கு பொருள் கொடுத்த பின்பும் 45 விழுக்காடுதான். எவ்வளவு பொருள் சேர்த்தாலும் பாதித் திறன் போனது போனதுதான்.

பாலிஃபினால் ஆக்சிடேஸின் செயல் மையத்தில் இரண்டு செப்பு அணுக்கள் உள்ளன. செப்பைப் பிடித்துக்கொள்ளும் சயனைடு, அசைடு போன்றவை நொதியை முடக்குவது அதனால்தான். மலாவியில் செப்புச் சத்துக் குறைந்த தோட்டங்களின் இலை சரியாகச் சிவக்காமல் போனதை 1950-களில் ஆராய்ந்து, செப்புக் குறைபாட்டோடு தொடர்புபடுத்தினார்கள். நீலகிரியில் செப்பு வேறொரு காரணத்துக்காக வருகிறது. 1946-ல் தென்னிந்தியாவுக்கு வந்த கொப்புள நோய்க்கு எதிராக, மழைக்காலத்தில் காப்பர் ஆக்சிகுளோரைடு தெளிக்கப்படுகிறது. நொதிக்குச் சிறிது செப்பு உயிர்நாடி. ஆனால் தேயிலைத் தூளில் அது கிலோவுக்கு 150 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்று உணவுச் சட்டம் வரம்பு கட்டியிருக்கிறது.

இதே குடும்பத்து நொதிகளை நம் சமையலறைகள் நீண்டகாலமாகக் கட்டுப்படுத்தி வருகின்றன. நறுக்கிய வாழைப்பூ கறுக்காமல் இருக்க மோரில் போடுகிறோம். நொதிக்கு ஏற்ற பி.எச். அளவு ஐந்தை ஒட்டியது. மோரின் புளிப்பு அதைக் கீழே இழுக்கிறது, நீர் காற்றை மறைக்கிறது. எலுமிச்சைச் சாற்றில் உள்ள வைட்டமின் சி செய்வது வேறு. அது பிறந்த குயினோனை மீண்டும் பழைய பினாலாக்கிவிடுகிறது. நொதி உழைத்துக்கொண்டே இருக்கும், நிறம் மட்டும் சேராது. வைட்டமின் தீர்ந்ததும் கறுப்பு தொடங்கும்.

நிறுத்தும் தருணம்

நொதி தன் விளைபொருளாலேயே தளர்வதும் உண்டு. குயினோன்கள் அருகிலுள்ள புரதங்களோடு பிணைகின்றன. நொதியும் ஒரு புரதம்தான். நேரம் செல்லச் செல்ல அதன் ஒரு பகுதி மீட்க முடியாமல் செயலிழக்கிறது. கேட்டச்சினும் குறைந்துகொண்டே வருகிறது. அதே நேரத்தில், உருவான தியாஃப்ளேவின்களே மேலும் ஆக்சிஜனேற்றம் அடைந்து தியாருபிஜின்களாகின்றன. இதில் பெராக்சிடேஸ் என்னும் இன்னொரு நொதிக்கும் பங்குண்டு. எனவே தியாஃப்ளேவின் அளவு ஏறி, ஓர் உச்சத்தைத் தொட்டு, இறங்குகிறது.

அந்த உச்சத்தின் அருகே இலையை உலர்த்தியில் செலுத்த வேண்டும். சுமார் 100 டிகிரி அளவிலான சூடான காற்று நொதியின் மடிப்புகளைக் குலைக்கிறது, ஈரம் மூன்று விழுக்காடு வரை இறங்குகிறது, வினை ஓய்கிறது. பச்சைத் தேயிலைக்கு இந்த நிறுத்தம் முதலிலேயே வந்துவிடும். அரைக்கும் முன்பே ஜப்பானியர் ஆவியிலும், சீனர் பெரும்பாலும் சூடான வாணலியிலும் நொதியை முடித்துவிடுகிறார்கள். தேயிலை செய்பவர் தேடுவது நொதியின் அதிகபட்ச வேகத்தை அல்ல. சரியான விளைபொருள் சரியான விகிதத்தில் சேர்ந்ததும், மீளாதபடி நிறுத்துவதே அவர் தொழில்நுட்பம்.

மருந்தடிப்பவரின் உடலில்

ஆலையில் விரும்பிச் செய்யும் அந்த மீளா நிறுத்தம் மனித உடலில் நடந்தால் அது நஞ்சு. தேயிலைக் கொசு, சிவப்புச் சிலந்தி முதலான பூச்சிகளுக்கு எதிராகத் தோட்டங்களில் மருந்தடிக்கப்படுகிறது. பயிர் மருந்துகளில் ஆர்கனோபாஸ்பேட் என்பது ஒரு பெரிய குடும்பம். அவை பூச்சியைக் கொல்வதும் ஒரு நொதித் தடுப்பால்தான். நரம்புச் சந்திகளில் அசிட்டைல்கோலின் என்னும் தூதுப் பொருள் தன் வேலையை முடித்ததும், அசிட்டைல்கோலினெஸ்டரேஸ் என்னும் நொதி அதை உடைக்கிறது. நொடிக்குப் பல ஆயிரம் மூலக்கூறுகளை உடைக்கும் மிக வேகமான நொதி அது. ஆர்கனோபாஸ்பேட் அதன் செயல் மையத்திலுள்ள செரின் என்னும் அமினோ அமிலத்தின் மீது பாஸ்பேட் துண்டை வலுவாகப் பிணைத்துவிடுகிறது. மனிதருக்கும் அதே நொதி, அதே செரின்.

மேலே சொன்ன போட்டிக் கணக்கு இங்கே செல்லாது. வினைபடு பொருளைப் பெருக்கித் தடுப்பானை விரட்ட முடியாது. உடைபடாமல் தேங்கும் அசிட்டைல்கோலின்தான் நோயே. வியர்வை, வாயூறல், கண்மணிச் சுருக்கம், தசைத் துடிப்பு, கடைசியில் மூச்சுத் திணறல். சிகிச்சைக்குக் கொடுக்கும் அட்ரோபின், தேங்கிய தூதுப் பொருள் ஏற்பிகளில் செயல்படாமல் மறிக்கிறது. பிராலிடாக்சிம் என்னும் மற்றொரு சிகிச்சை மருந்து நொதியிலிருந்து பாஸ்பேட்டைக் கழற்றுகிறது. ஆனால் நேரம் கடந்து அந்தப் பிணைப்பு இறுகிவிட்டால் கழற்ற முடியாது. அதனால் மருத்துவமனைக்கு எவ்வளவு விரைவில் போகிறோம் என்பதும் வேதியியலின் பகுதியாகிறது. மலைச்சாலையில் வண்டி கிடைக்காத ஒவ்வொரு நிமிடமும் அதில் கணக்காகும்.

சிறு சிறு தொடுதல்கள் சேர்வது இன்னும் கவனிக்க வேண்டிய செய்தி. மீளக்கூடிய தடுப்பான் உடலை விட்டுப் போனதும் நொதி பழைய நிலைக்கு வரும். மீளாத் தடுப்பில் உடல் புதிய நொதியை உருவாக்க வேண்டும். சிவப்பணுவில் உள்ள இந்த நொதி, சிவப்பணுக்கள் புதிதாகும் வேகத்தில்தான் மீள்கிறது. சிவப்பணுவின் ஆயுள் ஏறத்தாழ 120 நாள்; ஆகவே மீட்சி நாளுக்குச் சுமார் ஒரு விழுக்காடு. இன்று ஐந்து விழுக்காடு, நான்கு நாள் கழித்து இன்னோர் ஐந்து விழுக்காடு என்று இழப்பவருக்கு எந்த ஒரு நாளிலும் பெரிய மயக்கம் வராது. ஆனால் இழப்பு ஏறிக்கொண்டே போகும். கையுறையும் முகக்கவசமும் கொடுக்கப்படாத, அல்லது மழைக்கால வியர்வையில் அணிய முடியாத நிலையில் வேலை செய்பவருக்கு இது வெறும் பாடநூல் எண் அல்ல.

இதை அளக்க முடியும். கலிஃபோர்னியா மாநிலம் 1974 முதல் மருந்தடிக்கும் தொழிலாளர்களின் ரத்தத்தில் கோலினெஸ்டரேஸை அளந்து வருகிறது. ஆளுக்கு ஆள் இயல்பு அளவு மாறுவதால், மருந்துப் பருவத்துக்கு முன்பே ஒவ்வொருவருக்கும் அடிப்படை அளவை எடுக்கிறார்கள். பின்னர் எடுக்கும் அளவு அந்த அடிப்படையின் 80 விழுக்காட்டுக்கு இறங்கினால் வேலைமுறையை ஆராய வேண்டும். சிவப்பணு நொதி 70 விழுக்காட்டுக்கு இறங்கினால் அந்த ஆளை மருந்து வேலையிலிருந்து விலக்க வேண்டும். ஒப்பீட்டுக்கு அவரவரின் பழைய அளவே ஆதாரம் என்பதால், நோய் வந்த பிறகு எடுக்கும் ஒற்றைச் சோதனை முழு உண்மையைச் சொல்லாது.

அளக்க வேண்டிய இரண்டு இடங்கள்

தேயிலை வாரியம் தனது பயிர்ப் பாதுகாப்பு விதித்தொகுப்பில் எந்த மருந்தைத் தேயிலையில் பயன்படுத்தலாம் என்று வரையறுத்திருக்கிறது. தூளில் எவ்வளவு எச்சம் இருக்கலாம் என்பதற்கும் வரம்பு உண்டு. இவை தேநீர் குடிப்பவரைக் காப்பவை, அவசியமானவை. மருந்துத் தொட்டியை முதுகில் சுமப்பவருக்கும் அப்படி ஓர் எண் வேண்டும். பந்தலூர், கூடலூர் வட்டாரங்களில் ஒவ்வொரு மருந்துப் பருவத்துக்கும் முன்னும் பின்னும் கோலினெஸ்டரேஸ் சோதனை செய்வதும், அளவு குறைந்தவருக்குக் கூலி குறையாமல் வேறு வேலை தருவதும் தொழில்நுட்ப அளவில் எளியவை. கூலி குறையும் என்றால் யாரும் சோதனைக்கு வரமாட்டார்கள். ஆகவே இரண்டும் சேர்ந்தே வர வேண்டும்.

கொழுந்து எடை போடும் இடத்திலும் அதேபோல் எடையோடு இலையின் தரத்தையும் கண்டு கூலியிலும் விலையிலும் காட்ட வேண்டும். ஆலை எவ்வளவு நவீனமானாலும் இலையில் இல்லாத கேட்டச்சினை அது உண்டாக்காது. பறிப்பவரின் தேர்வுதான் தியாஃப்ளேவினின் முதல் மூலதனம் என்றால், அதற்கான பங்கு அவரைச் சேர வேண்டும். பள்ளிகளிலும் மிகேலிஸ் வரைபடத்தை மாலோனேட்டோடு நிறுத்தாமல், வீட்டுக் கொல்லையில் இருக்கும் தேயிலை இலையைக் கசக்கி, ஒன்றை அப்படியே வைத்து, ஒன்றை ஆவியில் காட்டி, ஒன்றில் எலுமிச்சை பிழிந்து, எது எப்போது சிவக்கிறது என்று மாணவர்களே குறித்துக்கொள்ளச் செய்யலாம். தாயின் கை நாள் முழுவதும் செய்யும் வேலையில் இவ்வளவு வேதியியல் இருப்பதை அறியும் பிள்ளைக்கு, அந்த வேலைக்கு உரிய கூலியையும் பாதுகாப்பையும் கேட்பதற்கான ஆதாரமும் கையில் இருக்கும்.